சந்தியாகப்பர் சருவம்

மேட்டூர் அணைக்கட்டு லயன்,
3-8-1932

அன்புள்ள அக்காவுக்கு,

நம் கோயில் சந்தியாகப்பர் சருவத்தில் பதித்திருந்த வெள்ளியைத் திருடியது உன் புருஷன்.

சுகம் விசாரிப்பதைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறேன். நம் கோயில் மணியடிக்கிற சவரியாரைப் போலீஸ் கொண்டுபோய்விட்டதாம். அதற்கு முன்னால் ஊரார் அவரைப் புளியமரத்தில் கட்டி அடித்தார்களாம். இங்கே மண் சுமக்கிற சின்னான், அதுதான் சவரியார் பெண்சாதி பாவாயியின் தம்பி, நேற்று வந்து அழுதான். "மாமன் வெள்ளியக் கண்ணுலயாச்சும் பாத்திருக்குமுங்களா? அந்தச் சருவத்துப் பக்கமே எங்களையெல்லாம் உட மாட்டாங்களே" என்றான். எடுத்தது யாரென்று எனக்குத் தெரியும்.

மே மாதம் மச்சான் இங்கே வந்தது உனக்கு நினைவிருக்கும். கைக்குட்டையில் ஒரு முடிச்சு வைத்திருந்தார். "பழைய கொலுசு மாப்ளே, உருக்கோணும். வாயத் தொறக்காத ஆசாரியாப் பாரு" என்றார். நான்தான் கூட்டிப்போனேன். ஆசாரி முடிச்சை அவிழ்த்தபோது பார்த்தேன். கொலுசு இல்லை. நூல் போன்ற வெள்ளிக் கம்பிகள், நகக்கண் அளவுத் தகடுகள். ஒரு தகட்டில் சின்ன முகம் ஒன்று, தலையைச் சுற்றி வட்டம். எங்கேயோ பார்த்த முகம் என்று தோன்றியது. கேட்காமல் விட்டேன். எந்தச் சருவத்தில் எனக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்களோ அதில் இருந்த முகம் என்று இப்போது புரிகிறது.

மச்சான் போலீஸில் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லச் சொல்.

உனக்கும் குழந்தை ரோசுவுக்கும் உடம்பு சௌக்கியமா? நான் சௌக்கியம்.

உன் தம்பி,
சூசைமாணிக்கம்


சேசு மரி சூசை துணை

கருங்கல்புதூர்,
15-8-1932, தேவமாதா மோட்சாரோபணத் திருநாள்

என் அன்புத் தம்பி சூசைமாணிக்கத்துக்கு அக்காள் அந்தோணிமேரி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் நாங்கள் சுகம். உன் சுகத்துக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். அங்கே ஆற்றங்கரையில் காய்ச்சல் பரவுவதாகக் கேள்வி. தண்ணீரைக் காய்ச்சிக் குடி, சாமி.

நல்லவேளை, நீ கார்டில் எழுதாமல் உறையில் எழுதினாய். தபால்காரர் கார்டையெல்லாம் படித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். சந்தியாகப்பர் திருநாளுக்குப் புதுச்சேரியிலிருந்து வயதான சுவாமியார் ஒருவர் வந்தார். பூசை முடிந்ததும் சருவத்தை வெயிலுக்குக் கொண்டுவரச் சொல்லித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது துலுக்கர் தேசத்துப் பித்தளை, மோசூல் என்ற ஊர்ப்பக்கம் செய்தது, அறுநூறு வருஷத்துக்கு மேலிருக்கும் என்றார். பித்தளையில் உளியால் பள்ளம் வெட்டி வெள்ளியைத் தட்டி இறக்குவார்களாம். சுற்றிலும் இருக்கிறது அரபு எழுத்தாம். இதை வைத்திருப்பவருக்குக் கீர்த்தியும் நீண்ட ஆயுளும் உண்டாகட்டும் என்று எழுதியிருக்கிறதாம். யாரோ பிரபு சாப்பிட்டுக் கை கழுவினதாம். அதில் குதிரைமேல் இருப்பவர் நாம் நினைக்கிற சந்தியாகப்பர் அல்ல, வேட்டைக்குப் போகிறவராம். "தலையைச் சுத்தி வட்டம் இருக்குதுங்களே சாமி" என்று நம் பெரியதனக்காரர் கேட்டார். அந்த வட்டத்தை அவர்கள் பாட்டுக்காரனுக்கும் மது ஊற்றுகிறவனுக்கும்கூடப் போடுவார்கள் என்று சுவாமியார் சிரித்தார். பெரியதனக்காரர் பின்னால் திரும்பி, "சாமிக்கு வயசாயிப்போச்சு" என்றார்.

அப்புறம்தான் ஒரு பக்கம் வெள்ளி இல்லாததை அவர் கண்டார். பள்ளத்தில் அழுக்கில்லை, சமீபத்தில் எடுத்தது என்றார். ஆடிக் காற்றில் ஓடு பறந்து கோயில் உள்ளறை ஒழுகியபோது சவரியார் சருவத்தை நகர்த்தி வைத்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். அதைச் சொன்னார். அவ்வளவுதான்.

மச்சானைப் பற்றி அப்படியெல்லாம் எழுதாதே. ரோசு உன்னைக் கேட்கிறாள். ஆறு வயசாகியும் இன்னும் தரையில் தவழ்ந்துதான் போகிறாள். முழங்காலில் தோல் காய்த்துவிட்டது. இந்த வருஷம் நிலக்கடலை மோசமில்லை.

உன் அக்காள்,
அந்தோணிமேரி


மேட்டூர்,
19-8-1932

அக்காவுக்கு,

நிலக்கடலை மோசமில்லை என்பதில் சந்தோஷம். சவரியார் எப்படியிருக்கிறார் என்று ஒரு வரி இல்லை.

ஆசாரியிடம் போய்க் கேட்டேன். மழுப்பினான். பிறகு சொன்னான். உருக்கிக் கட்டியாகக் கொடுக்கவில்லை, ஒரு கால் செய்து கொடுத்தானாம். விரல் நீளம்கூட இல்லாத வெள்ளிக் கால், பாதத்தில் ஐந்து விரலோடு. கேட்டதும் எனக்குக் கோபம் பாதி இறங்கிவிட்டது. வேளாங்கண்ணிக்கு நேர்த்திக்கடன். ரோசுவின் காலுக்கு.

உங்கள் நியாயம் எனக்குப் புரிகிறது, அக்கா. சாமி வெள்ளியை எடுத்துச் சாமிக்கே கொடுப்பது திருட்டில் சேராது. வீட்டுக்குள்ளேயே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு மாற்றுகிற மாதிரி. ஆனால் நடுவில் ஒரு மனுஷனைப் போட்டு மிதித்திருக்கிறார்களே, அவன் எந்த அறை?

நம் கோயிலின் நடுவில் கம்பி அடைத்திருக்கிறது. கம்பிக்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் சேரி. நமக்குச் சருவத்தில் ஞானஸ்நானம், அவர்களுக்குத் தகரப் போணியில், அதுவும் வாசலில் நிற்க வைத்து. தண்ணீர் மட்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர். சவரியாரைக் கட்டி அடித்தது வெள்ளிக்காக இல்லை, தொட்டதற்காக. அது உனக்கும் தெரியும்.

அந்தக் காலை வேளாங்கண்ணிக்குக் கொண்டுபோகாதீர்கள். பங்கு சுவாமியாரிடம் கொடுங்கள், நடந்ததைச் சொல்லுங்கள். ரோசுவைச் சேலத்தில் டாக்டரிடம் நான் காட்டுகிறேன். உங்களுக்கு வாய் வராவிட்டால் நானே சுவாமியாருக்கு எழுதுவேன். இம்மாதக் கடைசிவரை பார்ப்பேன்.

ரோசுவுக்கு முத்தம்.

சூசை


கருங்கல்புதூர் கோயில் பங்களா,
6-9-1932

பிரியமுள்ள சூசைமாணிக்கத்துக்குச் சர்வேசுரனுடைய ஆசீர்வாதம் உண்டாவதாக.

உமது கடிதம் கண்டோம். வாலிப வயதில் நியாயத்தின்மேல் தாகம் இருப்பது நல்லதே. ஆனால் கூடப் பிறந்தவளின் குடும்பத்தைப் பற்றி ஆசாரி ஒருவனின் வாய்ப்பேச்சை நம்பி எழுதுவது உமக்கு அழகல்ல. உமது மச்சான் இன்னாசி உபதேசியார் இந்தப் பங்கில் நெடுங்காலமாக ஊழியம் செய்கிறவர். அவரும் உமது அக்காளும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேளாங்கண்ணி யாத்திரை போயிருக்கிறார்கள். திருநாள் முடிந்து திரும்புவார்கள்.

சவரியார் விஷயம் சர்க்கார் கையில் இருக்கிறது. நாம் தலையிட்டால் கோயிலின் பேர் கெடும். இரண்டு பக்கத்தாரும் ஒரே மந்தையின் ஆடுகள் என்பதை நாம் மறக்கவில்லை.

சருவம் கிறிஸ்தவர்கள் செய்ததல்ல என்று தெரிந்தபின் அதை ஞானஸ்நானத்துக்கு எடுப்பதில்லை. பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். ஊர்ப் பெண்கள் இன்னும் வந்து சந்தியாகப்பரை உதடு வைத்து முத்தி செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

பங்கு சுவாமியார்


கருங்கல்புதூர்,
21-9-1932

மேட்டூர் சூசைமாணிக்கம் தம்பி அவர்களுக்குச் சவரியார் பெண்சாதி பாவாயி சொல்லி, தபால் மாஸ்டர் எழுதுவது. அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

தம்பிங்க, நான் நல்லா இருக்கேனுங்க. நீங்க நல்லா இருக்கோணும். எங்க ஊட்டுக்காரரைப் பாக்கப் போனேனுங்க. முதுகு ஆறிப்போச்சுன்னு சொல்றாரு, சட்டையக் கழட்ட மாட்டேங்கறாரு. அடுத்த மாசம் நாலாந்தேதி கோர்ட்டுங்களாம். எங்களுக்கு யாரையுந் தெரியாதுங்க. சின்னான் உங்க பேரைச் சொன்னான். எழுத்துப் படிச்ச ஆளு ஒருத்தர் பக்கத்துல நின்னாப் போதுமுங்க, பேசக்கூட வேண்டாமுங்க. உங்க அக்காகிட்டக் கேக்கலாம்னு போனேன். அவங்க ஊடு பூட்டியிருந்துச்சுங்க. மறுக்கா போனேன். அக்கா உள்ள இருக்கறது தெரிஞ்சுதுங்க, பிள்ளை சத்தங் கேட்டுச்சு. கதவு தொறக்கலீங்க. அவங்களுக்கு என்ன கஷ்டமோ.

நீங்க வாங்க சாமி.


மேட்டூர்,
7-10-1932

அக்காவுக்கு,

பாவாயி கதவைத் தட்டியபோது நீ உள்ளே இருந்தாய். திறக்கவில்லை. அதைப் பற்றி இப்போது பேசப் போவதில்லை. கோர்ட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

முந்தின நாளே போய் சப்-இன்ஸ்பெக்டரைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். மச்சான் பேரையும் சொன்னேன். உனக்குத் தெரிய வேண்டாம் என்று அதை மறைக்க மாட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "அப்போ வெள்ளிய உருக்கக் கூட்டிட்டுப் போனது நீ. உன்னையும் சேத்து உள்ள போடட்டுமா?" என்றார். "போடுங்க" என்றேன். ஆசாரியை விசாரிக்க ஆள் அனுப்பினார். ஆசாரி, "எந்த வெள்ளிங்க? நான் ஒடஞ்ச பித்தளைக் குத்துவிளக்கை ஈயம் வெச்சுப் பத்த வைக்கிறவனுங்க" என்று சொல்லிவிட்டான். சப்-இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "அணைக்கட்டு வேலை இருக்குதில்ல? போய் அதைப் பாரு."

மறுநாள் கோர்ட். சவரியார் கூண்டில் இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றார். "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று கேட்டார்கள். நான் பின்னாலிருந்து இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமாங்க எசமான், தப்புப் பண்ணிட்டேனுங்க" என்றார்.

ஆறு மாதம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிட்டது.

வெளியே கூட்டி வரும்போது கேட்டேன், "ஏனுங்க இப்படிச் சொன்னீங்க?" அவர் சொன்னார்: "தொட்டேனுங்களே தம்பி. மழை ஒழுகுதுன்னு ரெண்டு கையாலயுந் தூக்கி வெச்சேன். நான் தொட்டதுக்கப்புறந்தானுங்க வெள்ளி போச்சு. சந்தியாகப்பர் பொறுக்க மாட்டாம உதுத்துட்டுப் போயிட்டாரு."

அக்கா, அவர் இதைப் பொய்க்குச் சொல்லவில்லை. நம்புகிறார். நாம் அவரை அப்படி நம்ப வைத்திருக்கிறோம். அடித்தவர்களைவிட எனக்கு அதுதான் தாங்கவில்லை.

நீங்கள் யாத்திரை போய் வந்தாயிற்று. பதில் போடு.

சூசை


சேசு மரி சூசை துணை

கருங்கல்புதூர்,
30-10-1932

அன்புத் தம்பிக்கு அக்காள் எழுதுவது. நாங்கள் சுகம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். யாத்திரை போய் வந்த களைப்பில் படுத்துவிட்டேன். இப்போது தேவலை.

வேளாங்கண்ணியில் கடல் பார்த்தோம். ரோசு முதலில் பயந்தாள். மாதா பாதத்தில் காணிக்கை வைத்தோம். அங்கே எத்தனை பேருடைய கண், காது, கை! ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொரு வீட்டிலும் என்ன கஷ்டம் இருந்திருக்கும்.

தம்பி, ஒரு விசேஷம். போன வெள்ளிக்கிழமை ரோசு சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். நான் அடுப்படியில் இருந்தேன். "அம்மா" என்று கூப்பிட்டாள், சத்தம் மேலேயிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தால் நிற்கிறாள். அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் நின்றாள். ஆறு வயசில் முதல் தடவை. மச்சான் வந்ததும் சொன்னேன். வாசலில் போய் நின்று வெகுநேரம் உள்ளே வரவில்லை.

பாவாயிக்கு ரெண்டு படி சோளம் கொடுத்தனுப்பினேன். வாங்கவில்லை. திருப்பி அனுப்பிவிட்டாள்.

மச்சான் பேரைப் போலீஸில் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அவர் படித்தார். காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

குளிர் வருகிறது. கம்பளி வாங்கிக்கொள். கிறிஸ்மஸுக்கு வா.

உன் அக்காள்,
அந்தோணிமேரி


சேலம்,
20-11-1932

அக்காவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஜெயிலுக்குப் போய்ச் சவரியாரைப் பார்த்துவிட்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இளைத்திருக்கிறார். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. ஆனாலும் சிரித்தார். "இங்க பரவாயில்லீங்க தம்பி. பெரிய பெரிய சாதிக்காரரெல்லாம் எங்கூட ஒரே வரிசைல உக்காந்து களி தின்றாங்க. கோயில்லதான் கம்பி நடுவுல, இங்க சுத்தி வரக் கம்பி, எல்லாருக்கும் ஒண்ணு." எனக்குச் சிரிக்க வரவில்லை. "நீங்க தொட்டதால வெள்ளி போகலீங்க. ஒருத்தர் எடுத்தாங்க. எங்க மச்சான்" என்றேன்.

அவர் என்னை அதட்டினார், அக்கா. முதல் தடவையாக அதட்டினார். "அபாண்டமாப் பேசாதீங்க. அந்தச் சருவத்தை ஆம்பளைங்க தேய்க்கவே கூடாது, உபதேசியாரே ஆனாலும். வருஷா வருஷம் பெரிய வெள்ளிக்கிழமை ஊர்ப் பொம்பளைங்கதான் புளி போட்டுத் தொலக்குவாங்க." பிறகு தானாகவே சொன்னார்: "இந்த வருஷம் மத்தவங்கெல்லாம் சிலுவைப்பாதைக்குப் போயிட்டாங்க. உங்க அக்கா ஒண்டியாத்தான் தொலக்குச்சு. அன்னிக்கு மணி அடிக்கக் கூடாதில்லீங்களா, நான் சும்மா மணிக்கூண்டுல உக்காந்திருந்தேன். அக்கா கொண்டை ஊசியக் கையில வெச்சுக்கிட்டுப் பள்ளம் பள்ளமா அழுக்கு எடுக்குது, அழுகுது. பிள்ளைக்காக அழுகுதுன்னு எனக்கே கண்ணு கலங்கிப்போச்சு. அப்பேர்ப்பட்ட மனுஷிங்க. அவங்க ஊட்டு மேல பழி போடாதீங்க."

அவர் எதைப் பார்த்தார் என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

எடுத்தது மச்சான் அல்ல. நீ. மச்சான் உனக்காகச் சுமந்துகொண்டு வந்தார். நான் ஆகஸ்டிலிருந்து தப்பான ஆளைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ என்னை அப்படியே திட்டவிட்டாய்.

நீ ஏன் பேசாமலிருக்கிறாய் என்பதும் எனக்குத் தெரிகிறது. பேசாதவரைக்கும் அது காணிக்கை. பேசிவிட்டால் திருட்டு. திருட்டு வெள்ளியை மாதா ஏற்றுக்கொள்ள மாட்டாள், ரோசுவின் கால் மறுபடி துவண்டுபோகும். இதுதானே? அக்கா, குழந்தை நின்றது அவள் வளர்கிறாள் என்பதால். டாக்டரைக் கேட்டேன். சில பிள்ளைகளுக்குத் தாமதமாகப் பலம் வருமாம்.

எனக்கு உன்மேல் வெறுப்பு வரவில்லை. வந்தால் சுலபமாக இருக்கும்.

சூசை


கருங்கல்புதூர்,
28-12-1932

தம்பிக்கு,

நீ கிறிஸ்மஸுக்கு வரவில்லை. அதிரசம் எடுத்து வைத்திருந்தேன்.

ரோசு இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு வாசற்படி வரை போகிறாள். அடுத்த வீட்டார் வந்து பார்க்கிறார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் இதைச் சொன்னார். கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்கூட முழந்தாளிட்டார்கள். பாவாயியும் இருந்தாள். பூசை முடிந்து போகும்போது ரோசுவின் காலைத் தூரத்திலிருந்து பார்த்தாள். "நடக்கட்டுஞ் சாமி, நல்லா நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நீ படித்தவன். எனக்கு அவ்வளவு தெரியாது. டாக்டர் சொன்னது தப்பாக இருந்தால் என்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

ராத்திரியில் அவள் தூங்கும்போது காலைத் தொட்டுப் பார்க்கிறேன். சூடாக இருக்கிறதா என்று.

எழுத வேண்டாம், தம்பி. எழுதினால் படிக்க வேண்டியிருக்கிறது.

அந்தோணிமேரி


சேலம்,
9-1-1933

அக்காவுக்கு,

எழுதத்தான் வேண்டியிருக்கிறது. சவரியாரை ஜெயில் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள். எழுந்து உட்கார முடியவில்லை. இங்கே ஒரு வக்கீலைப் பார்த்தேன். காசு கேட்காத மனுஷர், ஒத்துழையாமையில் இரண்டு தடவை உள்ளே போய் வந்தவர். "உன் வாக்குமூலத்தில் பிரயோஜனமில்லை. எடுத்தவர் வந்து நான் எடுத்தேன் என்று சொன்னால் மனுப் போடலாம். உடம்பு சரியில்லாததைக் காட்டி வெளியே கொண்டுவரவும் கேட்கலாம்" என்றார். அம்மா ஒருத்தி, குழந்தைக்காகச் செய்தது, காணிக்கையாகவே போய்விட்டது என்றால் கோர்ட் இரக்கம் காட்டும் என்றும் சொன்னார்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வா. ரோசுவையும் தூக்கி வா. நான் வக்கீல் வீட்டு வாசலிலேயே நிற்பேன். மச்சானையும் கூட்டி வா. அவர் தடுக்க மாட்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

உன்னால் முடியும்.

சூசை


சேலம்,
14-1-1933

அக்கா,

வியாழக்கிழமை கடைசி பஸ் வரும்வரை நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸிலும் குழந்தையோடு இறங்கிய ஒவ்வொருத்தியையும் நீ என்று நினைத்தேன்.

காய்ச்சலா? மச்சான் விடவில்லையா? காகிதம் கிடைக்கவில்லையா? ஒன்றாவது எழுது. பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

சூசை


சேலம்,
27-1-1933, சின்னான் கையில் கொடுத்தனுப்புவது

அக்கா,

சவரியார் இன்று காலையில் இறந்துபோனார்.

பாவாயி வந்திருக்கிறாள். உடம்பைக் கொடுத்துவிட்டார்கள். வண்டி பிடித்திருக்கிறோம். நானும் வண்டியோடு வருகிறேன். நாளை விடிந்ததும் ஊர் சேர்ந்துவிடும். சின்னான் பஸ்ஸில் முன்னால் வருகிறான், இதை உன் கையில் மட்டும்தான் கொடுப்பான்.

சுவாமியாருக்குத் தந்தி அடித்தோம். பதில் தந்தி வந்தது. கோயில் பொருளைத் திருடித் தண்டனை அனுபவித்தவனை மந்திரித்த கல்லறை மண்ணில் அடக்கம் செய்ய ஊரார் சம்மதிக்கவில்லையாம். சேரிக் கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லையாம். ஓடைப் பக்கம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

பாவாயியிடம் இன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். உன் பேரையும் சொன்னேன். அவள், "பிள்ளை நடக்குதுங்களா இன்னும்?" என்று கேட்டாள். நடக்கிறது என்றேன். முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்தாள். உன்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இனி அவரை யாரும் ஜெயிலிலிருந்து விடுவிக்க வேண்டியதில்லை. மனு வேண்டாம், வக்கீல் வேண்டாம். ஆறடி மண் மட்டும் வேண்டும்.

வண்டியை ஓடைக்கு விடப் போவதில்லை. கோயில் வாசலில், ஊரார் பூசைக்கு வருகிற நேரத்தில் நிறுத்தப் போகிறேன். உன் வீடு எதிரில்தான் இருக்கிறது. கதவைத் திற. வெளியே வா. எல்லார் முன்னாலும் அந்த ஒரு வார்த்தையைச் சொல். நீ வந்து சொல்கிற வரைக்கும் மாட்டை அவிழ்க்க மாட்டேன், வண்டியையும் நகர்த்த மாட்டேன்.

வா, அக்கா.

சூசை